நுழைவாயில் ஓரத்துப் படம்

ஒரகடம்
12.6.2011

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். இங்கே வெயிலைத் தவிர எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? சத்துணவுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அரிசி புடைக்காதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா? போன் போட்டால் அத்தான்தான் எடுக்கிறார். நான் சொல்வதை உன் காதுக்கு எட்டும்படி அவர் கத்துவதற்குள் தெருவுக்கே சேதி போய்விடுகிறது. அதனால் நமக்குக் கடிதம்தான்.

எங்கள் அன்னவயல் ஸ்டோர்ஸை அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டார்கள். நாலு வருஷமாக நான் நின்ற கல்லாமேசையை இரண்டே நாளில் உடைத்தார்கள். இனி நாங்கள் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், எடை போட வேண்டாம். வருகிறவர்களே கூடையைத் தூக்கிக்கொண்டு ரேக்கில் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். அரிசியைக் கடைசி மூலையில் வைக்கச் சொன்னார். அரிசி வாங்க வந்தவர் பிஸ்கட், ஷாம்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டுமாம். "கை நீட்டினா எட்டுற பொருள்தாம்மா விக்கும்" என்றார். காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் வரை ஒன்பது கிளையிலும் இனி இதே ஏற்பாடு.

முதல் நாள் பாதிப் பேர் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். சேரப்பணஞ்சேரி செல்லம்மாள் என்று ஒரு அம்மா, நான் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம்தான் சாமான் வாங்குவார். "இன்னாமா, நானே எட்த்துக்கலாமா? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்றார். எடுங்கம்மா என்றேன். அரை மணி நேரம் சுற்றிவிட்டு ஒரு உப்புப் பாக்கெட்டோடு வந்து நின்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

என்னை இப்போது ஃப்ளோர் சூப்பர்வைசர் என்கிறார்கள். நீல நிறக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உன் தங்கை,
மாரிசெல்வி


சங்கரன்கோவில்
25.6.2011

அன்புச் செல்விக்கு,

அக்கா எழுதுவது. முட்டு இருக்கும் இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. உன் அத்தானுக்குச் சளி. மற்றபடி வீட்டில் எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம்.

சூப்பர்வைசர் என்று அத்தான் கடைத்தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு சந்தேகம். ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனால், எடுத்ததற்கெல்லாம் பில் போட்டார்களா என்று யார் பார்ப்பது? நான் எண்பது பிள்ளைகளுக்கு முட்டை வைப்பதற்குள்ளேயே கணக்குத் தவறுகிறது. அந்தப் பொறுப்பு உன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீலக் கோட்டு போட்டோவை மறக்காதே.

அக்கா,
கனகலட்சுமி


ஒரகடம்
7.8.2011

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குச் சளி விட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

நீ சந்தேகப்பட்டதுதான் நடந்தது. இரண்டே மாதத்தில் ஒன்பது கிளைகளில் எங்கள் கிளையில்தான் சரக்கு அதிகம் காணாமல் போகிறது என்று தலைமை அலுவலகத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. மேனேஜர் தாண்டவராயன் சார் அன்று முழுக்கக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. இப்போது வாசலில் பலராமன் என்று ஒரு காவலாளி. வெளியே போகிறவர்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிடிபட்டால் திருடியதாக எழுதி வாங்கிக்கொண்டு, படம் எடுத்து, நுழைவாயில் ஓரத்துச் சுவரில் ஒட்டச் சொல்லி உத்தரவு. நாலு பேர் பார்த்தால் நாற்பது பேர் பயப்படுவார்கள் என்பது ஆலோசகரின் கணக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் நிறுத்தப்பட்டாள். ஏதோ கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பை சோதிக்கப்பட்டது. பில் இல்லாத ஒரு பொருள் இருந்தது. எழுதி வாங்கப்பட்டது. படமும் ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகு கடையில் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது என்று சார் சொல்கிறார்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. உன் முட்டுவலியைப் பார்த்துக்கொள்.

செல்வி


சங்கரன்கோவில்
18.8.2011

செல்விக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானின் சளி எனக்கு வந்து போயிற்று.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காது கேட்கிறவர்களுக்குக் குரல் இருக்கிறது. எனக்கு நீ எழுதுவதுதான் குரல். கல்லாமேசையை உடைத்ததை எழுதும்போது யார் உடைத்தது, யார் என்ன சொன்னது என்று எல்லாம் எழுதினாய். இந்தப் பெண் விஷயத்தில் மட்டும் நிறுத்தப்பட்டாள், சோதிக்கப்பட்டது, ஒட்டப்பட்டது என்கிறாய். நீ இப்படி எழுதுகிறவள் இல்லையே.

யார் நிறுத்தியது? யார் சோதித்தது? அந்தப் பெண்ணுக்குப் பேர் இல்லையா?

போட்டோவும் வரவில்லை.

கனகலட்சுமி


ஒரகடம்
25.9.2011

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். தூக்கம்தான் கொஞ்சம் குறைவு, அறையில் புழுக்கம். புது ஃபேன் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

ஒரு நல்ல சேதி. இந்த மாதம் முதல் நான் உதவி மேனேஜர். தீபாவளிக்கு ஒரு லாரி சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. எண்ணெய், மாவு, பருப்பு எல்லாம் இனி அன்னவயல் பேர் போட்ட பாக்கெட்டில்தான் வரும். வேறு கம்பெனிப் பாக்கெட்டுகளைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டோம். சில்லறையாக நூறு கிராம், ஐம்பது கிராம் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறோம். சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஆட்கள் இப்போது அவ்வளவாக வருவதில்லை. செல்லம்மாளும் வருவதில்லை.

தீபாவளிக்கு லீவு கிடையாது. புடவை அனுப்புகிறேன், அத்தானுக்கு வேட்டியும்.

செல்வி


சங்கரன்கோவில்
3.10.2011

செல்விக்கு,

உதவி மேனேஜர் ஆனதில் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

நான் கேட்டது மூன்று கேள்வி. நீ ஃபேனைப் பற்றி எழுதியிருக்கிறாய். செல்லம்மாள் ஏன் வருவதில்லை?

புடவை வேண்டாம். பதில் எழுது.

கனகலட்சுமி


ஒரகடம்
16.10.2011

அக்கா,

நலம் கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

நான்தான் நிறுத்தினேன். நான்தான் சோதித்தேன். அவள் பேர் ஜாஸ்மின். இருபது வயது. செல்லம்மாளின் மகள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தாள். சோப்பும் பிஸ்கட்டும் வாங்கி பில் போட்டுவிட்டாள். பலராமன் பையைக் கேட்டார். "வாங்குனது கைலதான கீது, அது என் சொந்தப் பை" என்றாள். அவர் என்னைக் கூப்பிட்டார். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ஆம்பளைங்க நிக்கிறாங்க. உள்ள வாங்க, காட்டுறேன்." வரிசையில் இருபது பேர். கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா இங்கயே காட்டு" என்று சொல்லி நானே கையை விட்டேன். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். எல்லார் முன்னாலும் கிழித்தேன். மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கின் பாக்கெட். எங்கள் ரேக்கில் இருக்கிற அதே கம்பெனி, அதே அளவு.

மெடிக்கலில் வாங்கியது என்றாள். பில் கேட்டோம். எந்த மெடிக்கலில் அதற்கெல்லாம் பில் தருகிறார்கள், அக்கா? உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தோம். கம்பெனிக்குப் போன் போடுவேன் என்றார் மேனேஜர். "சார், கம்பெனிக்கு மட்டும் சொல்லாதீங்க" என்று அழுதுகொண்டே அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தாள். படம் எடுத்ததும் நான்தான். தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளிடம், "நிமிர்ந்து பாரு" என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்துச் செல்லம்மாள் சாமான் வாங்க வந்தார். நுழையும்போதே சுவரில் மகளைப் பார்த்துவிட்டார். கூடையைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அவர் மகள்தான் அது என்று பலராமன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் சரக்கு எண்ணினோம். அந்த ரேக்கை எண்ணியவளும் நானே. வந்தது, விற்றது, இருப்பது எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. நான்கு தடவை எண்ணினேன். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "முடிஞ்சு போன விஷயத்தக் கிளறினா முதல் கேள்வி யாருக்கு வரும்? பைக்குள்ள கை விட்டது நீதானம்மா" என்றார். அடுத்த வாரம் என்னை உதவி மேனேஜர் ஆக்கினார்கள்.

ஜாஸ்மின் வேலைக்குப் போவதில்லையாம். வீட்டை விட்டே வெளியே வருவதில்லையாம். பலராமன் அந்தப் பக்கத்து ஆள், அவர்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு சரியா துன்றதுகூட இல்லயாம்மா. எனுக்கு பயமா கீது" என்றார். எனக்கும் அதே பயம்தான். காலையில் கடையைத் திறக்கும்போது அந்த ஊரிலிருந்து யாராவது ஓடி வருகிறார்களா என்றுதான் முதலில் ரோட்டைப் பார்க்கிறேன். படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

என்ன செய்யட்டும்?

செல்வி


சங்கரன்கோவில்
21.10.2011

செல்விக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ யாரிடமும் எதுவும் சொல்லாதே. தெரியாத ஊரில் தனியாக இருக்கிறாய். நீ வாயைத் திறந்தால் கடைக்காரர்கள் மொத்தப் பழியையும் உன் மேல் போட்டுப் போலீசுக்குப் போவார்கள். அந்தப் பெண்ணின் வீட்டார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் உனக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடு. பிறகு மெல்ல மறந்துபோகும். அத்தானிடம் நான் சொல்லவில்லை.

ஜாக்கிரதை.

அக்கா


சங்கரன்கோவில்
22.10.2011

செல்வி,

நேற்று நான் போட்ட கடிதம் முதலில் வந்திருக்கும். அதைக் கிழித்துப் போடு.

பயத்தில் எழுதிவிட்டேன். இன்று கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கரண்டி ஓடவில்லை. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று எழுதியிருந்தாயே, அதுவே கண் முன்னால் நிற்கிறது. ஏட்டி, உனக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் நேற்று யோசித்தேன். அவளுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் உயிரோடும் உடம்போடும் இருக்கிறாளா என்று நேரில் போய்ப் பார். வேலை போனால் இங்கே வா. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவோம்.

உடனே எழுது.

அக்கா


ஒரகடம்
14.11.2011

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் படித்தேன் என்று கேட்காதே. தீபாவளிக் கூட்டம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கூட்டம் ஒரு சாக்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை காலையில் படத்தைச் சுவரிலிருந்து உரித்தேன். பசை காய்ந்துபோய் மூலையெல்லாம் கிழிந்து வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். செல்லம்மாள் வீட்டு வாசலில் கம்பெனி யூனிபார்ம் ஒன்று கொடியில் காய்ந்தது. ஜாஸ்மினின் அண்ணனுடையது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் என் மனசு எங்கெங்கோ போய் வந்துவிட்டது.

செல்லம்மாள் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சரக்கு எண்ணியதையும், தெரிந்தும் இரண்டரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"இங்க வந்து அயுவுறியே. என் பொண்ணு ஒண்ணும் எட்க்கலன்னு எனுக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு நீ சொல்லித்தான் தெரியணுமா?" என்றார்.

"நான் என்னம்மா செய்யணும்?" என்றேன்.

"எங்க சொன்னியோ அங்க சொல்லு. நாலு பேரு முன்னாடிதான கிய்ச்ச? நாளிக்கு நாயித்துக்கெயம. கூட்டமா இருக்கும். அங்க சொல்லு."

உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ நின்றது நிழலாகத் தெரிந்தது. வெளியே வரவில்லை. அவள் நிற்கிறாள், நடமாடுகிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நேற்றுப் பதினொரு மணிக்குக் கடை நிரம்பி வழிந்தது. தள்ளுபடி அறிவிக்கிற மைக்கை எடுத்தேன். "ஜூலை முப்பத்தொண்ணாம் தேதி இந்தக் கடையில ஜாஸ்மின்ங்கிற பொண்ணைத் திருடின்னு சொன்னோம். அந்தப் பொண்ணு எதையும் திருடல. பையில கை விட்டது நான், படம் எடுத்தது நான். சரக்கு எண்ணிப் பார்த்தப்பவே எனக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். அவங்ககிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." இவ்வளவுதான் சொன்னேன், அக்கா. அதற்குள் மேனேஜர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

ஒருத்தர், "இன்னா, ஆஃபர் ஒண்ணும் இல்லியா?" என்று பக்கத்தில் கேட்டார். கம்பெனிப் பெண்கள் மூன்று பேர் கூடையை வரிசையிலேயே வைத்துவிட்டு வெளியே போனார்கள். பின்னாலேயே இன்னும் சிலர்.

என்னை வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டு அனுப்புவார்களாம். அறையில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது படியேறினால் எனக்குத்தான் ஆள் வருகிறது என்று தோன்றுகிறது.

உன் முட்டு எப்படி இருக்கிறது?

செல்வி


சங்கரன்கோவில்
24.11.2011

அன்புச் செல்விக்கு,

முட்டு கிடக்கட்டும். உன் கடிதத்தை அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு உன்னைக் கூட்டிவர டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டார்.

கடைக்காரர்கள் என்ன சொன்னாலும் தனியாகக் கையெழுத்துப் போடாதே. ஆள் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போகாதே.

அக்கா


ஒரகடம்
8.1.2012

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். இந்த முறை மறைத்து எழுதவில்லை. இத்தனை நாள் முடிவு தெரியாமல் எதை எழுதுவது என்று இருந்துவிட்டேன்.

டிசம்பரில் முதலாளி பெருமாள்சாமி அவர்களே வந்தார். போலீஸ் இல்லை, கத்தல் இல்லை. கம்பெனி ஹாஸ்டல் பெண்களும் சுற்றுக் கிராமத்து ஆட்களும் வராததால் வார நாள் வியாபாரம் பாதிக்கு வந்துவிட்டிருந்தது. நான் மைக்கில் பேசிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் திரும்பி வருகிறார்களாம். அதை அவர் கவனித்திருக்கிறார். ஒன்பது கிளையிலும் படம் ஒட்டுகிற வழக்கத்தை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். என்னையும் மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். பிறகு என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"தப்பை ஒத்துக்கற கடைன்னு நமக்குப் பேர் வரணும்மா. பொங்கலுக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு சீர்த்தட்டு வச்சு, என் கையால குடுக்கறேன். அந்தப் போட்டோவைப் பெரிசா எல்லாக் கிளை வாசல்லயும் வைப்போம். நீ போய்ப் பேசினா வரும். நீயே இந்தக் கிளைக்கு மேனேஜரா இருந்துக்க."

போனேன், அக்கா. மேனேஜர் என்ற வார்த்தை கேட்டுப் போனேனா, வேறு எதற்காவது போனேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த முறை ஜாஸ்மினே கதவைத் திறந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டாள்.

"திரும்பியும் என் மூஞ்ச செவுத்துல ஒட்டப் போறீங்களா?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப திருடின்னு பாத்தாங்க. இப்ப பாவம்னு பாப்பாங்க. எனுக்கு ரெண்டும் வோணாம். நான் வேற கம்பெனில சேந்துட்டேன். அங்க யாருக்கும் என்னத் தெரியாது. அப்டியே இருக்கட்டும்."

முதலாளியிடம் வந்து, அந்தப் பெண் வராது, இனிமேல் நானும் போய்க் கேட்க மாட்டேன் என்றேன். சரிம்மா என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் ஆர்டர் வந்தது. வாலாஜாபாத் கிடங்கில் பாக்கெட் போடும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் யாரும் வரமாட்டார்கள். தாண்டவராயன் சார் இங்கேயே இருக்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். ஊருக்கு வந்துவிடலாம் என்றும் இருந்தது. கடைசியில் வாலாஜாபாத்துக்கே போவது என்று முடிவு செய்திருக்கிறேன். அத்தானை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல். பொங்கலுக்கு நானே வருகிறேன், மூன்று நாள் லீவு இருக்கிறது.

நேற்று இங்கே எனக்குக் கடைசி நாள். சாயங்காலம் ஜாஸ்மின் வந்தாள். நான் பில் மேசைக்குப் பின்னால் நின்றேன். என் பக்கம் திரும்பவில்லை. நேராக உள்ளே போய் எண்ணெயும் தீப்பெட்டியும் எடுத்தாள், வரிசையில் நின்று பில் போட்டாள். வாசலுக்குப் போனதும் தோளில் இருந்த பையை இறக்கி, ஜிப்பை முழுசாகத் திறந்து, பலராமனுக்கு முன்னால் நீட்டினாள்.

"வேணாம்மா, நீ போம்மா" என்றார் அவர்.

அவள் நகரவில்லை. "பாத்துக்கோங்க" என்றாள்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பலராமன் குனிந்து பைக்குள் பார்க்கிற வரைக்கும் அவள் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

செல்வி